பேக்கர் விசிறியா, கதிரடிப்பா, அறுவை மில்லா? ஜான் டீர் 'ஏ'க்கு ஏற்ற பெல்ட் சுமை

அயோவாவின் மவுண்ட் பிளசன்ட் போன்ற ஊர்களில் நடக்கும் பழைய இயந்திரக் கண்காட்சிகளில், இரட்டை சிலிண்டர் ஜான் டீர் டிராக்டர் பெல்ட் போட்டு வேறோர் இயந்திரத்தை ஓட்டும் இடத்தில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. 'ஏ' மாடல் 1934 முதல் 1952 வரை வந்தது. ஓடும் வேகம் நிமிடத்துக்கு 975 சுற்று. புல்லி நேராக கிராங்க் தண்டிலேயே இருக்கிறது. விட்டம் 12¾ அங்குலம். பெல்ட் வேகம் நிமிடத்துக்கு சுமார் 3,250 அடி வரும். ஆரம்ப கால வண்டிகள் பெல்ட்டில் 25 குதிரைத்திறன் தந்தன, கடைசிக்காலப் பெட்ரோல் வண்டிகள் 38 அளவுக்குப் போயின. ஆனால் சுமையைத் தேர்ந்தெடுக்க இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இந்த இன்ஜினில் இரண்டு வெடிப்புகள் அரைச் சுற்று இடைவெளியில் வரும், பிறகு ஒன்றரைச் சுற்று சும்மா போகும். அந்த நொண்டி நடை பெல்ட்டில் அப்படியே தெரியும். மெதுவாக ஓடவிட்டால் பெல்ட் துள்ளி அடிக்கும். அதனால் மூன்று சுமைகளுக்கும் பொதுவான விதி ஒன்று: பெல்ட் மாட்டியபின் ஐடிலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

பேக்கர் விசிறி என்பது காற்றைத் தள்ளியே இன்ஜினுக்குச் சுமை தரும் பெரிய விசிறி; நீராவி இன்ஜின்களைச் சோதிக்கப் பிறந்தது. அதிர்ச்சி இல்லாத, சீரான சுமை. புதிதாகப் பிரித்துக் கட்டிய இன்ஜினுக்கு இதுதான் முதல் தேர்வு. சிக்கல் ஒன்றுதான்: வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப சுமை கூடும். வேகம் 10 சதவீதம் ஏறினால் சுமை 33 சதவீதம் ஏறும். ஆகவே விசிறிப் புல்லியை ஓர் அளவு சிறிதாகப் போட்டுவிட்டு "இன்ஜின் இழுக்கவில்லை" என்று கார்புரேட்டரைத் திருகுவது வீண். பெரிய புல்லியில் தொடங்கி, கவர்னர் (இன்ஜின் வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்பு) முழுவதும் திறக்காத அளவுக்குக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இன்னொன்று, 'ஏ'யில் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறித்தான் சுற்றுகிறது. ரேடியேட்டரில் மட்டம் மேல் குழாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சியே நின்றுவிடும். தொடர்ந்து இழுக்கும் விசிறியில் இந்தக் குறை சீக்கிரமே வெளிப்படும்.

கதிரடி இயந்திரம் கண்ணுக்கும் காதுக்கும் விருந்து. உள் உருளையின் அகலம் 22 அங்குலம் உள்ள இயந்திரம் பழைய 'ஏ'க்குப் பொருத்தம். 32 அங்குலம் என்றால், அதுவும் ஈரக் கதிர்க்கட்டுகள் என்றால், மூச்சு வாங்கும். இங்கே பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் குறுக்காகப் போடுவது நல்லது. புல்லியில் அணைப்பு கூடும், துள்ளலும் அடங்கும். முறுக்கினால் ஓட்டத் திசை மாறும். எனவே இயந்திரத்தில் உள்ள அம்புக்குறியை முதலில் பாருங்கள். நீளமான பெல்ட் தன் எடையிலேயே இறுகி நிற்கும், டிராக்டரும் தூசிக்கும் வைக்கோலுக்கும் தள்ளி நிற்கும். ரப்பர் டயர் வண்டியில் நிலைமின்சாரம் தரைக்கு இறங்காது. சேசிஸிலிருந்து தரையில் அடித்த இரும்பு முளைக்கு ஒரு சங்கிலி கட்டுங்கள். வைக்கோல் தூசி பற்றிக்கொள்ள ஒரு தீப்பொறி போதும்.

இதில் அதிகம் நடக்கும் தவறு நிறுத்தும்போதுதான். கை கிளட்ச் லிவரைக் கடைசிவரை பின்னால் இழுத்தால் புல்லி பிரேக் பிடித்துவிடும். கதிரடி இயந்திரத்தின் உள்ளே கனமான உருளை இன்னும் சுழன்றுகொண்டிருக்க, டிராக்டர் புல்லி மட்டும் நின்றால் பெல்ட் பறக்கும். கிளட்ச் விடுபடும் இடத்தோடு கையை நிறுத்தி, இயந்திரம் தானாக அடங்கட்டும்.

அறுவை மில் மூன்றிலும் கொடூரமானது. மரத்தடி பல்லில் படும் நொடியில் சுமை பாயும், வெளியேறும் நொடியில் காணாமல் போகும். கனமான பிளைவீல் இதைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பிளைவீல் ஸ்ப்லைனில் (தண்டில் அது பொருந்தும் பல் வரிகளில்) தளர்ந்திருந்தால் இங்கேதான் 'டக் டக்' சத்தம் தொடங்கும். கிராங்க் தண்டின் பக்கவாட்டு ஆட்டத்தை (0.005 முதல் 0.010 அங்குலம்) வைப்பதும் அந்த பிளைவீல்தான் என்பதால், தளர்ச்சியோடு அறுத்தால் ஸ்ப்லைன், தண்டு இரண்டும் கெடும். பிளேடு எந்த வேகத்துக்குத் தட்டிச் சீராக்கப்பட்டதோ அந்த வேகத்தில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வெட்டு வளைந்து போகும். 550 சுற்றுக்கான பிளேடு என்றால் மில் புல்லி 22½ அங்குலம்: 975 × 12.75 ÷ 22.5 = 552. பெல்ட் சற்று வழுக்குவதையும் கழித்தால் 540 சொச்சம்.

என் கணக்கில் 'ஏ'யின் இடம் கதிரடிப்பு. மில்லுக்கு ஜான் டீரின் கனமான 'டி' மாடலைக் கொண்டுவாருங்கள். இந்த மூன்றுக்கும் பதிலாகப் பெல்ட்டில் மாட்டும் புரோனி பிரேக் என்ற அளவுக் கருவி குதிரைத்திறனைத் துல்லியமாக அளக்கும், ஆனால் நின்று பார்க்க அதில் ஒன்றுமில்லை.

எந்தச் சுமையானாலும் பெல்ட்டின் இழுப்பு டிராக்டரை இயந்திரத்தை நோக்கி நகர்த்தும். பின்னால் எடுத்து பெல்ட்டை இறுக்கி, பிரேக்கைப் பூட்டி, பின்சக்கரங்களின் முன்பக்கம் கட்டை வையுங்கள். பனி படிந்த புல்லில் பிரேக் போட்ட சக்கரமும் சறுக்கும். அங்கே கட்டைக்கு முன்னால் முளையும் அடிக்க வேண்டும்.