டாஷ்கேம் வாங்கி 14 மாசம், ஒரு ஆக்ஸிடென்டுக்கு அப்புறம் எழுதுற ரிவியூ

டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைல முன்னாடி பின்னாடி ரெண்டு கேமரா, ஜிபிஎஸ் உள்ள டாஷ்கேம் ஒண்ணு 8,500 ரூபாய்க்கு வாங்கி மாட்டினேன். கடைக்கார அண்ணன் சொன்ன ஒரு விஷயம் ரொம்ப கரெக்ட், பேட்டரி உள்ள மாடல் வேணாம் தம்பி, மதுரை வெயில்ல கண்ணாடிக்கு பின்னாடி காஞ்சா ஊதிப்போயிரும், கெபாசிட்டர் உள்ளத வாங்குன்னாரு. அக்னி நட்சத்திரத்துல மாட்டுத்தாவணில வெயில்லயே நாள் முழுக்க நிறுத்தியிருக்கேன், இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல.

போன மாசம் விரகனூர்ல இருந்து மண்டேலா நகர் வர்ற ரிங் ரோட்டுல ராங் சைடுல ஒரு லோடு வண்டி ஏறி வந்து இடிச்சுட்டான். ஏர்பேக் விரியல, கூட வந்த மாமாவுக்கு நெத்தில நாலு தையல். கூட்டம் கூடிருச்சு, டிரைவர் பையன் சத்தமா கார்காரரு நூறுல வந்தாருண்ணே, நான் மெதுவாத்தான் வந்தேன்னு சொல்றான், நாலு பேரு அதையே திருப்பி சொல்றாங்க. எனக்கு கை நடுங்குது, மாமாவ பாக்குறதா இவங்களுக்கு பதில் சொல்றதா.

கார்லயே ஒரு பிளாக் பாக்ஸ் இருக்குமே, ஏர்பேக் மாட்யூலுக்குள்ள, ஈடிஆர்னு சொல்றது, அதுல இருந்து எடுத்துத் தாங்கன்னு சர்வீஸ் சென்டர்ல கேட்டேன். எங்ககிட்ட அதுக்கு கருவி இல்ல சார்னு முடிச்சுட்டாங்க. எனக்கு ரொம்ப வருத்தமாயிருச்சு, ஏன்னா அது சாதாரண விஷயம் இல்ல. இடிக்கிறதுக்கு முன்னாடி 5 செகண்டு எவ்வளவு வேகம், பிரேக் மிதிச்சோமா, ஆக்சிலேட்டர் எவ்வளவு, பெல்ட் போட்டிருந்தோமா, இடிச்சதுல வேகம் எவ்வளவு குறைஞ்சுச்சு, எல்லாம் அதுல நிக்கும். அமெரிக்கால போஷ் சிடிஆர்னு ஒரு கருவிய ஓபிடி போர்ட்ல (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டுற பிளக்) இல்லாட்டி நேரா அந்த மாட்யூல்லயே மாட்டி எடுக்குறாங்க, 5 செகண்ட 20 செகண்டா ஆக்கவும் 2024 டிசம்பர்ல ரூல் போட்டுட்டாங்க. ஐரோப்பால 2024 ஜூலைல இருந்து எல்லா புது கார்லயும் கட்டாயம். நம்ம காசு போட்டு வாங்குன வண்டிக்குள்ள இருக்குற தகவல் நம்ம கைக்கு வரணும்ல?

கடைசில கைகொடுத்தது இந்த கேமராதான். இடிக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீன் ஓரத்துல 56, 55ன்னு வேகம் ஓடுது, பிரேக் மிதிச்சதுல என் வண்டி மூக்கு குனியுறது நல்லாவே தெரியுது, ஆனா நம்பர் 55லயே நிக்குது, அப்புறம்தான் 41, 22ன்னு விழுது. ஜிபிஎஸ் வேகம் கொஞ்சம் லேட்டாத்தான் வரும், இன்சூரன்ஸ் சர்வேயர் கேட்டப்ப அத நானே எடுத்து சொன்னேன். பிரேக் மிதிச்சதுக்கு இதுல தனி பதிவு கிடையாது, ஈடிஆர்ல இருக்கும். ஆனா ஈடிஆர்ல எதிர்ல எவன் எங்கிட்டிருந்து வந்தான்னு படம் இருக்காது, இதுல லோடு வண்டி மீடியன் கேப்ல திரும்புறதுல இருந்து எல்லாம் இருக்கு. ஸ்டேஷன்ல ஒரு தடவ போட்டு காட்டுனதும் நூறுன்னு சொன்ன பேச்சு நின்னுருச்சு.

குறைன்னு பாத்தா ராத்திரில எதிர் லைட்டு அடிச்சா நம்பர் பிளேட்டு வெள்ளையா போயிருது, பின் கேமரா சுமார்தான். வண்டி குலுங்குனா வீடியோ அழியாம லாக் பண்ற ஜி சென்சார ஹைல வச்சிருந்தேன், ஊருக்குள்ள ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஃபைல லாக் பண்ணி கார்டு நிறைஞ்சிருச்சு, லோல மாத்துனப்புறம்தான் சரியாச்சு, அப்பவும் இந்த இடி தானா லாக் ஆயிருச்சு. சாதா மெமரி கார்டு போடாதீங்க, மூணே மாசத்துல எனக்கு போயிருச்சு, திரும்பத் திரும்ப எழுதுனாலும் தாங்குற ஹை எண்ட்யூரன்ஸ் கார்டுன்னு கேட்டு வாங்குங்க.

இடிச்ச உடனே டாஷ்கேம ஆஃப் பண்ணி கார்ட கழட்டிருங்க, ஓட விட்டா பழசுக்கு மேல எழுதிரும். காப்பி மட்டும் குடுங்க, கார்டு உங்ககிட்டயே இருக்கட்டும். கோர்ட்டுன்னு போனா வீடியோவோட சர்டிபிகேட் ஒண்ணு கேப்பாங்க, முன்னாடி பழைய சாட்சியச் சட்டத்துல பிரிவு 65பி, 2024 ஜூலைல இருந்து புது சாட்சியச் சட்டத்துல பிரிவு 63ன்னு வக்கீல் சொன்னாரு. என் கார்டு ஒரு கவர்ல தேதி எழுதி பீரோல இருக்கு, கேஸ் முடியுற வரைக்கும் அத தொடமாட்டேன், வண்டில வேற கார்டு ஓடிக்கிட்டிருக்கு.