மாமாவின் பஸ்ஸும் ஏ380உம்

பந்திங்கில் நாலு பேர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஆகாயத்துக்கு ஏறிவிடும். செம்பனைக் காடாகக் கிடந்த சிப்பாங்கில் 1998இல் கோலாலம்பூர் விமான நிலையம் திறந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். போன வாரம் கிளம்பிய தர்க்கம்: மலேசியா ஏர்லைன்ஸ் தன் ஆறு ஏ380களையும், அதாவது ஏர்பஸ் கட்டிய இரண்டு மாடி ராட்சத விமானங்களையும், கைவிட்டது சரியா? "மாளிகை மாதிரி விமானம், அதைப் போய் விடுவார்களா!" என்று ஆதங்கப்பட்டது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. என் பக்கம் இருந்தவர் மாமா ஒருவர்தான். அவருக்கு விமானம் தெரியாது, பஸ் தெரியும்.

மாமா ஒரு காலத்தில் 44 இருக்கை பஸ் வைத்திருந்தார். பக்கத்துத் தோட்டத்து முனீஸ்வரர் கோயில் திருவிழாவுக்கு ஆள் ஏற்றிப் போனபோது நானும் உடன் இருந்தேன். தோட்ட வாசலில் கால்வாய்மேல் ஒரு சிறு பாலம். வேன் கண்ணை மூடிக்கொண்டு போய்விடும். பஸ்ஸுக்கோ ஒரு பையன் இறங்கி முன்னால் நடந்து கை காட்ட வேண்டும், இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் மடக்க வேண்டும். சக்கரத்துக்கும் பாலத்தின் விளிம்புக்கும் நடுவே நாலு விரற்கடை. உள்ளே இருந்த பாட்டிமார்கள் "முனியாண்டி, முனியாண்டி" என்று முணுமுணுத்தபடியே பாலத்தைக் கடந்தோம்.

ஏ380இன் கதையும் அந்தப் பாலத்தின் கதைதான். இறக்கையின் அகலம் 79.75 மீட்டர். பயணிகள் விமானங்களுக்காக நிலையங்கள் ஒதுக்கும் மிகப் பெரிய கட்டம் 80 மீட்டர். மிச்சம் 25 சென்டிமீட்டர். உள்ளே இரண்டு நடைவழி உள்ள மற்ற அகல உடல் விமானங்களுக்கு 65 மீட்டர் இடம் போதும் என்பதால், பெரும்பாலான நிறுத்துமிடங்கள் அந்த அளவில்தான் இருக்கின்றன. எனவே இது பயணிகள் ஏறும் எல்லா வாசலிலும் நிற்க முடியாது, ஓடுபாதைக்குப் போய்வரும் எல்லா ஓடுவழியிலும் திரும்ப முடியாது. மாடிக்குத் தனி ஏறுபாலம் வைத்தால்தான் நேரத்தோடு ஆள் ஏற்ற முடியும். அது கிளப்பிவிடும் காற்றுச் சுழல் அடங்கும்வரை பின்னால் வரும் விமானம் கூடுதல் தூரம் விட்டுத்தான் பறக்க வேண்டும். பழுதாகிவிட்டால் அதுதான் பெரிய தலைவலி. மலேசியா ஏர்லைன்ஸ் அதில் 494 இருக்கை போட்டிருந்தது. ராத்திரி நேரத்தில் அத்தனை பேருக்கு மாற்று விமானம் எங்கே தேடுவது? ஆறே விமானத்துக்காகத் தனி உதிரிப்பாகம், தனி விமானிப் பயிற்சி வேறு.

ஏ380 கட்சியினர் துபாயின் எமிரேட்ஸ் விமான நிறுவனத்தைக் காட்டினார்கள். வாதம் பொய்யில்லை. ஏர்பஸ் கட்டிக் கொடுத்த 251 ஏ380களில் 123 அந்த ஒரே நிறுவனத்துக்குப் போனவை. துபாயில் நாலா திசையிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களை மொத்தமாக அள்ளி லண்டனுக்கு அனுப்புகிறார்கள். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஏறுவதும் இறங்குவதுமாக ஆண்டுக்கு 4,80,000 தடவைதான் என்று உச்சவரம்பு உண்டு. விமானம் ஏறி இறங்கப் புது நேரம் கிடைக்காத இடத்தில் ஒரே தடவையில் ஐந்நூறு பேரை இறக்குவது கெட்டிக்காரத்தனம். நம் விமான நிலையத்தில் ஓடுபாதை மூன்று, நெரிசலே இல்லை. இங்கிருந்து லண்டனுக்கு 2018 முதல் பறப்பது ஏர்பஸ்ஸின் சிறிய விமானமான ஏ350-900. அதில் 286 இருக்கை, நான்குக்குப் பதில் இரண்டே இயந்திரம். காலையில் ஒன்று, இரவில் ஒன்று அனுப்பினால் 572 பேர். கூட்டமில்லாத மாதத்தில் ஒன்றை நிறுத்தி வைக்கலாம். பாதி காலியாகப் பறக்கும் ஏ380ஐ யாரும் பாதியாக வெட்டி அனுப்ப முடியாது.

சரக்கையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஏ380இன் வயிற்றில் பெரும்பகுதியை அந்த இரண்டு மாடிப் பயணிகளின் பெட்டிகளே அடைத்துக்கொள்ளும். கூலிச் சரக்குக்கு மிஞ்சுவது அதன் உருவத்துக்குக் கொஞ்சம்தான்.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, போயிங் 777-9. இரண்டு இயந்திரம், சுமார் 426 இருக்கை. இறக்கை 71.75 மீட்டர் என்றாலும், தரையிறங்கியதும் இரு நுனிகளும் மேல்நோக்கி மடிந்து 64.85 மீட்டராகிவிடும். சாதாரண வாசலிலேயே நிற்கலாம். காகிதத்தில் எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் அது இன்னும் சோதனைப் பறப்பைத் தாண்டவில்லை என்பதுதான் தொல்லை. 2013இல் அறிவித்து, 2020இல் கொடுப்பதாகச் சொன்னார்கள். இப்போது 2027 என்கிறார்கள். எமிரேட்ஸ் மட்டுமே இந்த 777எக்ஸ் வரிசையில் 270க்கு ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. ஜெர்மனியின் லுஃப்தான்சா, இனி வேண்டாம் என்று ஓரங்கட்டிய ஏ380களைத் தூசி தட்டி 2023இல் மறுபடி பறக்கவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு கூட்டம் திரும்பிவிட்டது, அதற்கான புது விமானம் வந்து சேரவில்லை. 2021 கடைசியில் கடைசி ஏ380ஐ ஒப்படைத்து ஏர்பஸ் கடையைச் சாத்தியது. மலேசியா ஏர்லைன்ஸ் இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்திருக்கலாமோ என்று எனக்கே சில சமயம் தோன்றும். ஆனாலும் கோலாலம்பூருக்கு ஏ350தான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இறக்கை மடியும் என்று நான் சொன்னதும் மாமா கண்ணாடிக் குவளையைக் கீழே வைத்தார். "தம்பி, அதை யார் மடக்குவது? ஆள் இறங்கவேண்டுமா?"

"இல்லை மாமா, தரையிறங்கி வேகம் குறைந்ததும் தானாகவே மடிந்துவிடும்."

"எனக்கு அன்றைக்கு அது இருந்திருந்தால் இரண்டு கண்ணாடி மடக்கும் வேலை மிச்சம்" என்றார்.

பஸ்ஸை அவர் எப்போதோ விற்றுவிட்டு இரண்டு வேன் வாங்கிவிட்டார். தைப்பூசத்துக்குப் பத்துமலை போக மட்டும் கிள்ளானிலிருந்து பெரிய பஸ்ஸை வாடகைக்கு எடுக்கிறார். இந்த வருடம் வாடகையை ஏற்றிவிட்டார்களாம்.