கஸ்டம்ஸா, பி.எஸ்.எஃப்பா? கோத்தகிரியிலிருந்து ஒரு கணக்கு

டிகிரி முடித்த பையன்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் கேட்பது இதுதான்: "அண்ணா, கஸ்டம்ஸுக்குப் படிக்கட்டுமா, பி.எஸ்.எஃப். எஸ்.ஐ.க்கா?" ஒன்று சுங்கத்துறை, இன்னொன்று எல்லைப் பாதுகாப்புப் படையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலை. நான் இரண்டு தேர்வுமே எழுதினேன். கடைசியில் சுங்கத்துறையில் தடுப்பு அலுவலராக (பிரிவென்டிவ் ஆபீசர்) சேர்ந்தேன். அதனால் தராசு என் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சம்பளத்தில் பெரிய விவாதம் இல்லை. எனக்கு அடிப்படை 44,900-இல் தொடங்கியது, எஸ்.ஐ.க்கு 35,400. இரண்டு தேர்வையும் நடத்துவது மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி.தான்.

உடல் தேர்வில் எஸ்.ஐ.க்கு 1.6 கி.மீ. தூரத்தை ஆறரை நிமிடத்தில் ஓட வேண்டும். ஆறாயிரம் அடி உயரத்தில் வளர்ந்த நுரையீரலுக்கு அது பழகிவிடும். கஸ்டம்ஸில் 1,600 மீட்டரை 15 நிமிடத்தில் நடந்தால் போதும். சிரிப்பாக இருக்கிறதா? நான் எழுதியபோது அடுத்தது சைக்கிள்: 8 கி.மீ., 30 நிமிடம். நம் மேட்டில் சைக்கிள் தெரிந்தவன் எத்தனை பேர்? மேட்டுப்பாளையத்தில் அத்தை வீட்டில் தங்கி, 23 வயதில் பழகினேன். டியூஷன் போகும் பிள்ளைகள் மணியடித்து முந்திப் போனார்கள்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: வீட்டுக்கு வந்து சேர எவ்வளவு நேரம்? பி.எஸ்.எஃப். காப்பது பாகிஸ்தான், வங்கதேச எல்லைகளை. சித்தப்பா மகன் திரிபுராவில் இருக்கிறான். பாட்டி தவறியபோது லீவு கிடைத்து, ரயில் மாறி மாறி அவன் வந்து சேர்ந்தது நாலாம் நாள். நான் திருச்சியில் இரவு பஸ் ஏறினேன். விடியும்போது மேட்டுப்பாளையம், அங்கிருந்து முதல் பஸ். பாட்டியைத் தூக்கும்போது தோள் கொடுக்க முடிந்தது.

இதில் ஒரு பொறி உண்டு. கஸ்டம்ஸ் என்றால் தமிழ்நாடு என்று எழுதி வைத்திருக்கவில்லை. மண்டல விருப்பத்தை நாம் கொடுக்கலாம். கிடைப்பது ரேங்கைப் பொறுத்தது. என்னோடு படித்தவனுக்கு மும்பை விழுந்தது. ஒரு மண்டலத்தில் சேர்ந்துவிட்டால் இன்னொன்றுக்கு மாறுவது குதிரைக்கொம்பு. பாஸ் ஆவதோடு நிற்காமல் ரேங்குக்காகப் படியுங்கள். அப்படியே மும்பை வந்தாலும் கோவைக்கு ஒரே ரயில். பி.எஸ்.எஃப். போல பட்டாலியன் எங்கே நகர்கிறதோ அங்கே போகும் வேலை இல்லை.

விமான நிலையத்தில் நைட் டியூட்டி உண்டு. சிங்கப்பூர், துபாய் விமானம் இறங்கும்போது ஊர் தூங்கும். பசையாக்கி உள்ளாடையில் தைத்த தங்கத்தை விடியற்காலை மூன்று மணிக்குத் தேடியிருக்கிறேன். துறைமுகத்தில் நான் வேலை பார்த்ததில்லை; கன்டெய்னர் பக்கத்தை அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள்.

மரியாதையில் மட்டும் சித்தப்பா மகன்தான் ஜெயித்தான். வெலிங்டனில் ராணுவத்தைப் பார்த்தே வளர்ந்த மலை இது. அவன் லீவில் வந்தால் டீக்கடையில் எழுந்து கை கொடுக்கிறார்கள். என் வெள்ளை யூனிஃபார்ம் போட்டோவைப் பார்த்து மாமா கேட்டார்: "கப்பல்லயா மாப்ளே வேலை?" இரண்டு முறை விளக்கினேன். இப்போது "ஆமாம் மாமா" என்று சொல்லிவிடுகிறேன்.