நாய்க்கு வீட்டில் பல்ஸ் ஆக்சிமீட்டர்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

இதய நோயோ நுரையீரல் கோளாறோ உள்ள நாயைப் பராமரிப்பவர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது மனிதர் விரலில் மாட்டும், தோல் வழியே ஒளியைச் செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைத்தான். நாய்க்கு அது பெரும்பாலும் சரிப்படாது. விரல் பருமனுக்குச் செய்த கிளிப் காது மடலில் நழுவும். முடியும் கருமையான தோலும் ஒளியைத் தடுக்கும். வயரோடு தனி சென்சார் உள்ள, விலங்குகளுக்கென்றே செய்த கருவிதான் நீடித்து உதவுகிறது. திரையில் துடிப்பலையைக் காட்டும் மாடலாக இருப்பது முக்கியம்.

மருத்துவமனையில் நாக்கில் மாட்டுவது மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு. விழித்திருக்கும் நாய்க்கு உதடு, காது மடல், கால்விரல்களுக்கு இடையிலான தோல், விலாவுக்கும் தொடைக்கும் நடுவே உள்ள தோல் மடிப்பு இவற்றில் முடியும் கருமையும் குறைவான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாய் அமைதியாகப் படுத்த பிறகு மாட்டி, அறை வெளிச்சம் சென்சாரில் படாதபடி துணியால் மூடுங்கள். அலை சீராகி, எண் 20 விநாடியாவது நிலையாக நின்றால்தான் குறித்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் வெகுநேரம் கவ்வியிருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைந்து அளவும் இறங்கும். பதறாமல் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

ஆக்சிஜன் அளவை நம்புவதற்கு முன் நாடியைச் சரிபார்த்தே ஆக வேண்டும். பின்தொடையின் உட்புறத்தில் இரண்டு விரல்களை லேசாக வைத்து 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். மூச்சை இழுக்கும்போது துடிப்பு வேகமாவதும் விடும்போது மெதுவாவதும் பல நாய்களுக்கு இயல்பு; அதனால் 10 விநாடிக் கணக்கு போதாது. கருவி காட்டும் துடிப்பு விரல் கணக்கோடு ஒத்துப்போகவில்லையென்றால் ஆக்சிஜன் எண்ணையும் தள்ளிவிடுங்கள். ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் சில துடிப்புகள் தொடைக்கு வந்து சேரவில்லை என்றால் அது லயக்கோளாறாக, அதாவது இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுவதாக இருக்கலாம். மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆக்சிஜன் அளவு 95 முதல் 100 சதவீதம் வரை இயல்பு. சரிபார்த்த பிறகும் 95-க்குக் கீழே நின்றால் மருத்துவரை அழையுங்கள். 90-க்குக் கீழே என்றால் அவசரநிலை. ஆனால் எண் நன்றாக இருப்பதாலேயே நாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கடும் ரத்தசோகையில் உடலுக்குப் போய்ச்சேரும் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி 98 காட்டும். புகையில் சிக்கிய நாயிடம் கார்பன் மோனாக்சைடையும் ஆக்சிஜன் என்றே கணக்கிடும். பாராசிட்டமால் நச்சில் அளவு 85-ஐ ஒட்டியே நின்றுவிடலாம், ஈறு பழுப்பாகும்.

தினசரிக் கண்காணிப்புக்குக் கருவியைவிட நம்பகமானது தூக்கத்தில் மூச்சை எண்ணுவது. நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழு நிமிடம் எண்ண வேண்டும். கனவில் கால் உதறும்போது எண்ணாதீர்கள். 30-க்குள் இருப்பது நல்லது. உங்கள் நாயின் வழக்கமான எண்ணிலிருந்து நாளுக்கு நாள் ஏறினாலோ, மறுபடி எண்ணியும் 30-ஐத் தாண்டினாலோ அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். இதய நோயில் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்குவதை ஆக்சிஜன் அளவு விழுவதற்கு முன்பே இது காட்டிக்கொடுக்கும்.

கழுத்தை நீட்டி, முழங்கைகளை அகட்டி நின்று மூச்சுக்குத் திணறினாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ கிளிப்பைத் தேடாதீர்கள். பிடித்து அமுக்காமல், மூச்சு விட வசதியான நிலையிலேயே வண்டியில் ஏற்றுங்கள்.