‘17 மணி நேரம்தான்’ என்று சொல்லி அம்மாவுக்குப் போட்ட டிக்கெட்

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா கிளம்பும் அப்பா, அம்மாவுக்கு ஏஜென்ட் மூலம் டிக்கெட் போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

இந்த ஜூனில் அம்மா சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வந்தார். வயது 68, சர்க்கரை, முழங்கால் வலி. தாம்பரம் பக்கம் ஒரு டிராவல்ஸில் தம்பிதான் டிக்கெட் போட்டான். “புதன்கிழமை விடியக்காலை 3.50க்கு ஏறினா, அதே புதன் ராத்திரி 9 மணிக்கு இறங்கிடுவாங்க சார். துபாய்ல ஒரு தடவை மாறணும். மொத்தமே 17 மணி நேரம்தான்” என்றிருக்கிறார் அங்கிருந்தவர். தம்பி தயங்கியதும் போனை எடுத்துக் காட்டியிருக்கிறார்: தூரம் 13,900 கிலோமீட்டர், பறக்கும் நேரம் பதினைந்தரை மணி.

3.50 என்பது சென்னை மணி, 9 என்பது கலிபோர்னியா மணி. ஜூனில் இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம். சேர்த்தால் 29 மணி 40 நிமிடம். அந்த 13,900 கிலோமீட்டரும் பூமி உருண்டையில் நூல் பிடித்து அளந்த நேர்த்தூரம். அதை விமான வேகத்தால் வகுத்து ஒரு நேரம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வழியில் நேரடி விமானமே கிடையாது. துபாய் வழி போனால் 2,900ம் 13,000ம் சேர்ந்து கிட்டத்தட்ட 16,000 கிலோமீட்டர் ஆகிறது. பறக்கவே இருபது மணி நேரம்.

நேரத்தைவிடப் பெரிய கொடுமை டிக்கெட்டில் இருந்தது. அது இரண்டு தனித்தனி பிஎன்ஆர், அதாவது ஒன்றோடொன்று சேராத இரண்டு முன்பதிவுகள். சென்னையில் பெட்டிக்குத் துபாய் வரைதான் டேக் போட்டார்கள். அம்மா துபாயில் இமிகிரேஷன் தாண்டி, பெட்டிகளை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அமெரிக்க விசா இருந்ததால் அங்கேயே பணம் கட்டி விசா வாங்க முடிந்தது. தனியாக, மொழி தெரியாமல், அந்த வரிசையில் நின்றிருக்கிறார்.

வீல்சேர் தள்ளி வந்தவர் வெளிவாசலோடு விட்டுவிட்டுப் போய்விட்டார். அடுத்த விமானத்துக்கு வீல்சேர் கேட்டுப் பதிவே செய்யவில்லை. கவுன்டர் திறக்கும்வரை இரண்டு 23 கிலோ பெட்டிகளைக் காலால் அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். 17 மணி நேரம் என்று நம்பி இரண்டு வேளை மாத்திரைதான் கைப்பையில் வைத்திருந்தார். மீதி பெட்டிக்குள். தரையில் குந்தி, தம்பி இறுக்கிக் கட்டிய கயிற்றைப் பல்லால் அவிழ்த்து எடுத்தாராம். இதை என்னிடம் சொல்லவே அவருக்கு ஒரு வாரம் ஆனது.

முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டிருந்தால் பணமும் போயிருக்கும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது விமான நிறுவனம் அதற்குப் பொறுப்பேற்காது.

டிராவல்ஸுக்கு போன் செய்து கேட்டேன். “நாங்க போட்ட நேரம் டிக்கெட்ல இருக்கே மேடம்” என்றார்கள். இருக்கிறதுதான். பணம் கட்டுவதற்கு முன்பே வாயைத் திறந்து கேளுங்கள்: வீட்டு வாசலில் கடிகாரத்தை மாற்றாமல் கிளம்பினால் எத்தனை மணி நேரம் கழித்து இறங்குவார்? பிஎன்ஆர் ஒன்றா, இரண்டா? பெட்டி கடைசி ஊர் வரை போகுமா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்.

நவம்பரில் திரும்பும் டிக்கெட்டையும் இப்படித்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். கேன்சல் செய்தால் பாதிகூட வராதாம். போகட்டும் என்று ஒரே பிஎன்ஆரில் வேறு டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு விமானத்துக்கும் வீல்சேர் பதிவாகியிருக்கிறதா என்று நேற்று நானே கூப்பிட்டுக் கேட்டேன். பதிவாகியிருக்கிறது.