கோத்தகிரி வீட்டுக்கு ஃபைபரா, ஸ்டார்லிங்கா?

செயற்கைக்கோள் வழியாக இணையம் தரும் ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் மத்திய அரசு உரிமம் கொடுத்ததிலிருந்து கோத்தகிரியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்: கேபிளை விட்டுவிட்டு வானத்துக்கு மாறலாமா?

செலவு: ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள் இணைப்பு, மாதம் 500 ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. ஸ்டார்லிங்குக்கு, சிக்னல் வாங்கும் தட்டு ஆன்டெனா வாங்கவே பல ஆயிரம் வேண்டும். இதில் பேச்சே இல்லை.

உறுதி: இங்கேதான் சிக்கல். போன ஐப்பசி மழையில் எங்கள் வளைவில் சில்வர் ஓக் கிளை ஒன்று முறிந்து கேபிளோடு தொங்கியது. ஒன்பது நாள் இணையம் இல்லை; தலைமுடி கனமுள்ள இழையை ஒட்டவைக்கக் குன்னூரிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. தட்டுக்கு அந்தப் பயம் இல்லை. மூடுபனியும் அதை அவ்வளவாகப் பாதிக்காது, கனமழைதான் படுத்தும். ஆனால் அதே சில்வர் ஓக் வானத்தை மறைத்தால் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும். மரத்துக்கு இரண்டு பேர் மீதும் பகை!

வேகம்: இந்தச் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. 35,786 கி.மீ. உயரத்துப் பழைய வகைச் செயற்கைக்கோள்போல் பேச்சு தாமதமாகி இழுக்காது. இருந்தாலும் ஃபைபரே முந்தும்.

கடைவீதிக்காரர்களுக்கு ஃபைபர் போதும். கேபிளே எட்டிப்பார்க்காத தோட்டத்து வீடென்றால் தட்டு. கூடவே மின்வெட்டுக்கு ஓர் இன்வெர்ட்டரும் வாங்கிவிடுங்கள்.