அல்சூர் சிறுவர் ஃபிட்னஸ் வகுப்பு: ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் மூச்சு வாங்குகிறது?

பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம், ஒரு மொட்டை மாடியிலும் அதை ஒட்டிய சின்ன மைதானத்திலும் நடக்கிறது இந்த வகுப்பு. 8 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு, திங்கள், புதன், வெள்ளி மாலை 5 முதல் 6 வரை. ‘ஸ்டாமினா ஏறும், நுரையீரல் விரியும்’ என்பது நோட்டீஸ். ஸ்டாமினா ஏறுகிறது, ஆனால் மூன்று நாளும் அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளைக்கு ஓரிரு வார்த்தைக்கு மேல் பேச வராத அளவு மூச்சு வாங்க வேண்டும். நாடிக் கணக்கில், அந்த வயதுக்கு நிமிடத்தில் வரக்கூடிய உச்சத் துடிப்பில் 80 சதவீதம். சுவரில் ஒட்டியிருக்கும் ‘220 கழித்தல் வயது’ அட்டவணை சிறுவர்களுக்குச் சற்று அதிகமாகவே காட்டும். 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிப்பது மேல். 10 வயதுக்கு உச்சம் 201, அதில் 80 சதவீதம் ஏறக்குறைய 160. நின்றவுடன் 15 வினாடி எண்ணினால் 40 துடிப்பு வர வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு வந்து எண்ணினால் பயனில்லை, பிள்ளைகளின் நாடி பெரியவர்களைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும்.

இந்தக் கணக்கில் திங்கள்கிழமை ஃபுட்பால்தான் முதலிடம். அணிக்கு நாலு பேர், கோல்கீப்பர் கிடையாது, 4 நிமிடம் ஆட்டம், 2 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று. கோட்டோரம் இரண்டு பந்து கூடுதலாக வைத்திருக்கிறார்கள், வெளியே போன பந்தை யாரும் துரத்திப் போய் நேரம் கழிவதில்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு கோச் லீவு போட்டால் எல்லோரையும் ஒரே ஆட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அன்றைக்குப் பாதிப் பேர் இடுப்பில் கைவைத்து நிற்கிறார்கள்.

புதன்கிழமை ஸ்கிப்பிங். 30 வினாடி குதி, 30 வினாடி நில், பத்து முறை. திட்டம் சரி, கயிறுதான் தப்பு. எல்லோருக்கும் ஒரே எட்டடிக் கயிறு. கயிற்றின் நடுவில் ஒரு காலை வைத்து இரு பிடியையும் மேலே இழுத்தால் அக்குள் வரை வர வேண்டும், அதுதான் அளவு. 125 செ.மீ. உயரப் பிள்ளைக்கு எட்டடி நீளம் தரையில் புரண்டு காலில் சிக்கும். சிக்கலை எடுப்பதிலேயே பாதி நேரம் போனால் நாடி எங்கே ஏறும்? பிடிக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டாலே தீரும் விஷயம், யாரும் போடுவதில்லை. மெல்லிய பிவிசி கயிறு புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வளையமாகச் சுற்றி வராது. மணி கோத்த கயிற்றுக்குக் கனம் உண்டு, வளைவு கலையாது. தரையோ வெறும் சிமெண்ட். ஷூ போடாமல், முழங்கால் வரை தூக்கிக் குதித்தால் இரண்டே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலி வரலாம். ஓர் அங்குலம் எழும்பினால் போதும்.

வெள்ளிக்கிழமை பிராணாயாமமும் டம்பெல்லும். ‘நுரையீரல் விரியும்’ என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. மூச்சுப் பயிற்சி மனதை அமர்த்தும், மூச்சுத் தசைகளைப் பழக்கும். டம்பெல் தசைக்கும் எலும்புக்கும் நல்லது. ஆனால் ஆரோக்கியமான பிள்ளையின் ஸ்டாமினாவுக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் நுரையீரல் அல்ல, ஒரு துடிப்பில் இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு. மூச்சு வாங்க உழைக்காமல் அது ஏறாது. உலகச் சுகாதார நிறுவனம் பள்ளி வயதினருக்குத் தினம் சராசரி 60 நிமிட உடலுழைப்பும், வாரம் மூன்று நாளாவது மூச்சு வாங்கும் கடும் உழைப்பும் சொல்கிறது. அந்த மூன்றில் வெள்ளியைச் சேர்க்க முடியாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஷட்டில் ஓட்டத் தேர்வு வைக்கிறார்கள். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, ஒவ்வொரு பீப் ஒலிக்கும் முன் எதிர்க் கோட்டைத் தொட வேண்டும், வேகம் மணிக்கு 8.5 கி.மீ.யில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடும். இங்கே மாடியில் இடம் இல்லாமல் 18 மீட்டரில் கோடு போட்டிருக்கிறார்கள். அதே பீப்புக்குள் 2 மீட்டர் குறைவாக ஓடினால் மதிப்பெண் ஏறத்தானே செய்யும்! அதற்கு மேல், கூடுதலாக ஓடிய சுற்றுகளைக் கணக்குப் போட்டு ‘நுரையீரல் கொள்ளளவு உயர்ந்தது’ என்று அச்சடித்துத் தருகிறார்கள். கொள்ளளவைக் காட்டுவது ஊதிப் பார்க்கும் கருவியான ஸ்பைரோமீட்டர், ஓட்டம் அல்ல. ஒழுங்கான பயிற்சியில் சிறுவர்களின் ஆக்ஸிஜன் உட்கொள்ளும் திறன் 5, 6 சதவீதம் கூடினாலே நல்ல பலன். முதல் தடவை மதிப்பெண் சட்டென்று ஏறுவதில் ஒரு பங்கு, பீப்புக்கு ஏற்ற ஓட்டம் பழகியதால் வருவது.

வீசிங் உள்ள பிள்ளை என்றால் சேர்ப்பதற்கு முன்பே கோச்சிடம் பேசிவிடுங்கள். இங்கே வார்ம்-அப் மூன்றே நிமிடம். 6 முதல் 8 நிமிடக் கடும் ஓட்டம் மூச்சுக்குழலைச் சுருக்கக்கூடும், இருமல் உச்சத்துக்கு வருவதோ ஓட்டம் நின்று 5, 10 நிமிடம் கழித்து, பிள்ளை படி இறங்கும்போது. கோச் கண்ணில் அது படாது. இடையிடையே குட்டி ஓட்டம் வைத்த 10 நிமிட வார்ம்-அப் கேளுங்கள். டாக்டர் இன்ஹேலர் எழுதியிருந்தால் அது வீட்டில் அல்ல, பையில் இருக்கட்டும்.

இரண்டு நாள் மட்டும் சேர வழியில்லை, மூன்று நாளுக்கும் சேர்த்துத்தான் ஃபீஸ். சேர்ப்பதானால் வெள்ளியன்று டம்பெல்லுக்குப் பிறகு 15 நிமிட ஃபுட்பால் வைக்கச் சொல்லிச் சேருங்கள். மைதானம் அந்த நேரத்தில் சும்மாதான் கிடக்கிறது.